ஆடாத கடைசி இலக்கம்

வெல்டரின் வலது கை உடைந்த சத்தம் கேட்டபோது டமாரம் பைக்கை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தான். காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறித்தால் வருமே, அதே சத்தம். பின்னாலேயே அலறலும் வந்தது.

"மாமா, நாம வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிட்டாங்க!"

மாமா பதில் சொல்ல நிற்கவில்லை. கேட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். ஊர் அவரை அரையடி என்று கூப்பிடும். ஆள் என்னவோ ஆறடி. சட்டைப் பையில் எந்நேரமும் செருகியிருக்கிற அரையடி இரும்பு ஸ்கேலால் வந்த பெயர் அது. துப்பறிவது அவர் தொழில். அவருக்கு உதவியாளனாக இருப்பது டமாரத்தின் தலையெழுத்து. அக்காவைக் கட்டிக்கொண்ட மனிதர் கூப்பிட்டால் போகாமல் இருந்துவிட்டு அப்புறம் அக்கா கையால் சாப்பிட முடியுமா? வாய் ஓயாததால் அவனுக்கு அந்தப் பட்டம். முப்பத்தாறு வயதாகியும் வாய் ஓய்ந்தபாடில்லை.

பாய்லர்களுக்குக் குழாய் செய்கிற பட்டறை அது. முற்றத்தில் வெல்டர் மல்லாந்து கிடந்தார். வலது மணிக்கட்டு திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவர் மார்பில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தவர் லாரிக்காரர், நேற்றுச் செத்துப்போன ஃபோர்மேனின் கூடப்பிறந்த தம்பி. கையில் ஜாக்கிக் கம்பி. அவரோடு வந்த மூன்று தடியர்கள் யாரும் கிட்டே வராதபடி சுற்றி நின்றார்கள். பட்டறை ஆட்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கண்ணன் மண்டையப் பொளந்த கை இது. உடைச்சாச்சு. அடுத்து மண்டை."

"அண்ணன் எங்கிட்ட சொன்னாருங்க..." வெல்டர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். "தப்பு உன் கையில இல்லடான்னு சொன்னாரு..."

"செத்தவன் எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்லமாட்டான்னு கதை விடுறியா?" லாரிக்காரர் கம்பியை ஓங்கினார்.

"ஹலோ, ஒரு நிமிஷம்! நாங்க கண்டுபிடிக்க வந்திருக்கோம். நீங்களே எல்லாத்தையும் முடிச்சிட்டா எங்க பொழப்பு என்னாவறது?" என்றான் டமாரம்.

தடியர்களில் ஒருவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு குத்து விட்டான். டமாரத்தின் கீழுதடு கிழிந்தது. உதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு வாயிலயே பதில் சொல்லியிருக்கலாம்" என்றபடி தரையில் உட்கார்ந்தான்.

அதற்குள் அரையடி ஒரு காரியம் செய்தார். ஓங்கிய கம்பிக்கும் வெல்டரின் தலைக்கும் நடுவே குனிந்து, தன் தலையை வைத்தார்.

"முதலாளியம்மா கூப்பிட்டு வந்தவன் நான். தாராளமா அடிங்க. ஆனா ஆள் மாறியிருந்தா, உங்கண்ணனக் கொன்னவன் இன்னிக்கு ராத்திரி காலை நீட்டி நிம்மதியாத் தூங்குவான். அவனுக்குப் பாய் விரிச்சுக் கொடுத்தது நீங்களா இருப்பீங்க."

கம்பி அந்தரத்தில் நின்றது. லாரிக்காரரின் கண்கள் அழுது அழுது வீங்கியிருந்தன. அண்ணன்தான் அவரை வளர்த்தவர் என்று முதலாளியம்மா போனிலேயே சொல்லியிருந்தார்.

"எவ்வளவு நேரம் வேணும்?"

"நாலு மணிச் சங்கு வரைக்கும்."

"சங்கு ஊதி முடியிறப்ப உங்க கையில ஆள் இல்லைன்னா, இவன் இருக்கமாட்டான்."

மணி இரண்டே முக்கால். போலீசுக்குத் தகவல் போயிருந்தது. பாலத்தில் வேலை நடப்பதால் ஜீப் ஊரைச் சுற்றித்தான் வரவேண்டும். நாலு மணிக்கு முன்னால் அது வந்து சேரும் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை.

மாடிக்குப் படியேறும்போது கூடவே வந்த முதலாளியம்மா கதையைச் சுருக்கமாகச் சொன்னார். போன மாதம் சோதனை ஓட்டத்தில் ஒரு குழாய் இணைப்பு வெடித்து, பம்ப் ஓட்டுபவருக்கு ஆவியில் ஒரு கண் போய்விட்டது. பற்றவைத்த கைதான் சரியில்லை என்று எல்லோரும் வெல்டரைப் பழித்தார்கள். ஃபோர்மேன் நாலு பேர் முன்னால் அவரை அறைந்தார். "இதுக்கு ஒருநாள் பதில் கிடைக்கும்" என்று வெல்டரும் சொல்லிவிட்டார். சொன்னது பட்டறைக்கே தெரியும். நேற்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஃபோர்மேன் மாடியில் குழாய் அடுக்கின் பக்கத்தில் செத்துக் கிடந்தார். பின்மண்டையில் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம். இரண்டு அங்குலக் குழாயின் முனை பதிந்த தடம் என்று டாக்டர் சொன்னார்.

"அங்க இருந்தது தொண்ணூத்தாறு குழாய். எல்லாமே ரெண்டு அங்குலம்," என்றார் முதலாளியம்மா. "பொணத்தப் பாக்கறதுக்கு முன்னாடியே அத்தனையும் குழாய் கழுவுற சோப்புத் தொட்டிக்குள்ள போயிடுச்சு. சாப்பாட்டு நேரத்துல இறக்கறது வழக்கந்தான். யார் பொத்தான அமுக்கினதுன்னு யாரும் வாயத் திறக்கல. ஒரு சொட்டு ரத்தம் இல்லாமப் போலீஸ் என்ன பண்ணும்? வெல்டர ராத்திரி பூரா விசாரிச்சிட்டுக் காலையில விட்டுட்டாங்க."

"உள்ள வச்சிருந்தா கையாவது மிஞ்சியிருக்கும்," என்றான் டமாரம். அவனுக்கே அது சிரிப்பாக இல்லை.

"ஃபோர்மேன் பையில ஏதாவது இருந்துச்சா?"

"ஒரு காகிதம். போன மாசத்து அளவுப் பட்டியல். ரெண்டு வரிக்குக் கீழ மட்டும் சிவப்புப் பென்சிலால கோடு போட்டிருந்தாரு. நல்லா வந்த குழாய்க்கு அப்படிக் கோடு போடுவாருன்னு மைக்ரான் சொன்னாரு. இந்தாங்க, நகல்."

அரையடி அதை மடித்து ஸ்கேலோடு செருகிக்கொண்டார்.

மைக்ரான் என்பது அளவு பார்க்கிறவரின் பட்டப்பெயர். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று பட்டறையே பெருமையாக வைத்த பெயர். ஐம்பது வயது, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு, நொடிக்கொரு தரம் கண்ணாடியைத் துடைக்கும் கைக்குட்டை. அவர் அறையில் மேசைமேல் ஓர் இரும்பு வளையம் இருந்தது. அதுதான் லேசர் ஸ்கேனர். குழாயின் முனையை அதற்குள் நீட்டினால் ஒரு சிவப்புக் கோடு முனையைச் சுற்றி வட்டமடிக்கும். திரையில் எண்கள் விழும்.

"இந்த முனைய நாங்க வாய்ன்னு சொல்லுவோம்," என்றார் மைக்ரான். "வெளி அகலம், உள் அகலம், சுவரோட தடிமன். ஒரு வாய்க்கு மூணு எண். ரெண்டு வாய்க்கும் சேர்த்து ஆறு."

"எங்கக்கா என் வாய அளந்தா இந்த மெஷின் தாங்காது," என்றான் டமாரம். "எதுக்கு இவ்வளவு சுத்தமா அளக்கணும்?"

"ரெண்டு குழாய வாயோட வாய் வச்சுப் பத்தவைக்கணும். ஒண்ணுக்கொண்ணு பொருந்தலைன்னா ஆவி அந்த இடத்தப் பிச்சுக்கிட்டு வெளிய வந்துடும். பொருந்தாத குழாய் இந்த ரூமத் தாண்டி வெளிய போகாது."

சொல்லிக்கொண்டே ஒரு குழாயை இரண்டு முறை அளந்து காட்டினார். முதல் முறை ஐம்பது புள்ளி எட்டு ஒன்று இரண்டு என்று வந்தது. இரண்டாம் முறை கடைசி இலக்கம் நாலாகிவிட்டது.

"என்ன சார், ஒரே குழாய்க்கு ரெண்டு பேச்சு? நான்தான் அப்படின்னு நெனச்சேன்."

மைக்ரான் முதல் முறையாகச் சிரித்தார். "கடைசி இலக்கம் ஆடும் தம்பி. ஆடியே தீரும். ஒரு தூசி போதும், ரூம்ல கொஞ்சம் சூடு ஏறினாப் போதும். ரெண்டு மூணு புள்ளி ஆடறதெல்லாம் கணக்கே இல்ல."

அரையடி ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார். வெல்டரைத் தூணில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். உடைந்த கை மடியில் கிடந்தது.

"ஒரு யோசனை," என்றார். "குழாயால மண்டையில அடிச்சா மண்டை மட்டுமா நசுங்கும்? குழாயோட வாயும் துளி கோணும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. இந்தச் சிவப்புக் கோட்டுக்குத் தெரியும். அந்தத் தொண்ணூத்தாறோட பழைய அளவு உங்ககிட்ட இருக்கா?"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கைக்குட்டை சற்றே நின்றது. "இருக்கு. முந்தாநாள் அளந்தது. ஃபோர்மேன் பக்கத்துலயே நின்னு அளக்க வச்சாரு."

"எப்பவும் நிப்பாரா?"

"இல்ல. அன்னிக்கு என்னவோ நின்னாரு. நல்ல யோசனை சார். வாங்க, மறுபடி அளந்துடலாம். எந்த வாய் கோணியிருக்கோ அதான் ஆயுதம்."

அடுத்த முக்கால் மணி நேரம் டமாரத்துக்கு நரகம். ஆளுயரக் குழாய், ஒவ்வொன்றிலும் எண் குத்தியிருந்தது. எடு, நீட்டு, திருப்பு, மறு வாயை நீட்டு, கீழே வை. முப்பதாவதில் தோள்பட்டை கழன்றது. ஐம்பதாவதில், "மாமா, கொலைகாரன் கிடைச்சா அவன் கையாலயே இதெல்லாம் திரும்ப அடுக்கச் சொல்லணும்" என்றான். மைக்ரான் திரையைப் பார்த்தபடி விறுவிறுவென்று தட்டிக்கொண்டே இருந்தார். பட்டறையிலேயே வேகமான கை என்று பெயர் வாங்கியவர். தொண்ணூற்றாறாவது குழாய் இறங்கியபோது மணி மூன்று ஐம்பது.

பட்டியல் அச்சாகி வந்தது. இடப்பக்கம் முந்தாநாள் எண்கள், வலப்பக்கம் இன்றைய எண்கள். அரையடி ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தார். ஒன்றில் இரண்டு புள்ளி கூட, இன்னொன்றில் மூன்று புள்ளி குறைவு. எல்லாமே அந்த ஆட்டம்தான். எந்த வாயும் கோணவில்லை.

"அடிச்ச குழாய் இதுல இல்ல சார்," மைக்ரான் வருத்தத்தோடு தலையாட்டினார். "வெல்டர் எங்க ஒளிச்சு வச்சிருக்காரோ."

சங்கு ஊதியது.

அது ஓய்வதற்குள் கதவு உதைபட்டுத் திறந்தது. லாரிக்காரர் வெல்டரைச் சட்டைக் காலரைப் பிடித்துப் படி முழுக்க இழுத்துக்கொண்டே வந்திருந்தார். வெல்டரின் முழங்கால் இரண்டும் உரிந்து ரத்தம் ஒழுகியது. பின்னால் தடியர்கள்.

"எங்க ஆளு?"

அரையடி காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. லாரிக்காரர் வெல்டரைத் தரையில் தள்ளி, கழுத்தில் காலை வைத்தார். டமாரத்துக்கு விளையாட்டாகச் சொல்ல ஒரு வார்த்தையும் வரவில்லை. "மாமா... சீக்கிரம் மாமா" என்று மட்டும் சொன்னான்.

"மாப்பிள்ளே, நீ பள்ளிக்கூடத்துல காப்பியடிச்சு மாட்டினியே, எப்படி மாட்டினே?"

"இப்ப அதுவா மாமா முக்கியம்? பக்கத்துல இருந்தவன் தப்பு விட்ட இடத்துல நானும் அதே தப்ப விட்டேன். புள்ளி, கமா உட்பட."

"அதேதான்." அரையடி நிமிர்ந்தார். "காலை எடுங்க லாரிக்காரரே. உங்கண்ணன் கொலைக்கு ஆள் கிடைச்சாச்சு. கோணின வாயத் தேடினது என் முட்டாள்தனம். தொண்ணூத்தஞ்சு குழாய் ஆடியிருக்கு. அறுபத்தேழாம் குழாய் மட்டும் ஆடவே இல்ல. ஆறு எண்ணும் முந்தாநாள் எப்படியோ இன்னிக்கும் அப்படியே, கடைசி இலக்கம் உட்பட. ஆடியே தீரும்னு இவரே பாடம் எடுத்தாரு. ஆடலைன்னா அது அளந்த எண் இல்ல. பழச எடுத்து ஒட்டின எண்."

எல்லோரும் மைக்ரானைப் பார்த்தார்கள். கைக்குட்டை அவர் விரல்களில் சுருண்டிருந்தது.

"மெஷின் சமயத்துல..."

"மெஷினத் திட்டாதீங்க." அரையடி பையிலிருந்த நகலைப் பிரித்தார். "இது செத்தவர் பையில இருந்தது. போன மாசம், பன்னிரண்டாம் குழாய், ஐம்பத்தெட்டாம் குழாய். கோடு போட்டது நல்லா வந்ததால இல்ல. ரெண்டு வேற குழாய்க்கு ஆறு எண்ணும் ஒண்ணா இருக்கு. ரெட்டைப் பிள்ளைக்குக்கூட ரேகை ஒண்ணா வராது. வேகமான கைன்னு பேர் வாங்க, நாலு குழாய அளந்துட்டு மிச்சத்துக்கு அதையே ஒட்டியிருக்கீங்க. பொருந்தாத வாயெல்லாம் வெல்டர் மேசைக்குப் போச்சு. வெடிச்சது உங்க பொய். அடி வாங்கினது அவரு."

லாரிக்காரரின் கால் மெல்ல வெல்டரின் கழுத்தை விட்டு இறங்கியது.

"ஃபோர்மேனுக்குச் சந்தேகம் வந்து முந்தாநாள் பக்கத்துல நின்னு அளக்க வச்சாரு. நேத்து இந்தக் காகிதத்தோட வந்து கேட்டாரு. கையில இருந்த குழாயால அடிச்சீங்க. தொட்டிப் பொத்தான அமுக்கினீங்க. இன்னிக்கு ஒரே ஒரு இலக்கத்த மாத்தி எழுதியிருந்தா நான் வெறுங்கையோட போயிருப்பேன். ஆனா ஒட்டி ஒட்டிப் பழகின கைக்கு அது தோணவே இல்ல. மாப்பிள்ளே, அறுபத்தேழ எடு. இவர் தள்ளி நிக்கட்டும், மறுபடி அளப்போம்."

டமாரம் குழாயைத் தூக்கினான். மறுமுனையை மைக்ரான் பிடித்தார். உதவத்தான் பிடிக்கிறார் என்று அந்த அப்பாவி நினைத்தான். குழாய் அவன் விலாவில் இடித்தது. உள்ளே ஏதோ நொறுங்க, அவன் சுருண்டு விழுந்தான்.

அப்புறம் அந்தச் சலவைக் கோட்டு மனிதர் வெறிபிடித்தவராகிவிட்டார். வீசிய குழாய் ஸ்கேனரின் வளையத்தைப் பெயர்த்தது. சிவப்புக் கோடு சுவரிலும் கூரையிலும் தாறுமாறாக ஓடியது. அடுத்த வீச்சு அரையடியின் காதைக் கிழித்துக்கொண்டு போனது. மூன்றாவது ஒரு தடியனின் தாடையில் விழுந்தது. இரண்டு பல் தரையில் தெறித்தன. லாரிக்காரர் பாய்வதற்குள் மைக்ரான் வெல்டரைப் பின்னாலிருந்து தூக்கி நிறுத்தி, குழாயை அவர் தொண்டையில் குறுக்கே வைத்து இறுக்கினார்.

"வழி விடுங்க! இல்லைன்னா இவன் கழுத்து முறிஞ்சிடும்!"

வெல்டர் இடது கையால் குழாயைப் பிடித்துத் தள்ளினார். ஒரு கையால் என்ன முடியும்? வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. முகம் நீலம் பாரித்தது. அந்தக் கையை உடைத்தவர் எதிரே கம்பியோடு நின்றார், ஓரடி எடுத்து வைக்க முடியாமல்.

தரையில் கிடந்த டமாரத்தின் கண்ணெதிரே மைக்ரானின் கணுக்கால் இருந்தது. மூச்சு விட்டால் விலா குத்தியது. கையைத் தூக்க முடியவில்லை. அவனிடம் மிச்சம் இருந்தது வாய்தான். அதைத் திறந்து, கணுக்காலின் பின் நரம்பில் பல் பதியக் கடித்தான். ரத்தம் வாய்க்குள் உப்புக் கரித்தது. விடவில்லை.

மைக்ரான் ஊளையிட்டுக் கையைத் தளர்த்தினார். குழாய் உருண்டது. லாரிக்காரரின் முஷ்டி அவர் மூக்கில் இறங்கிய சத்தம் முற்றத்துக்கே கேட்டிருக்கும். இரண்டாவது குத்தில் கண்ணாடி உடைந்து கன்னத்துக்குள் போனது. மூன்றாவதற்கு முஷ்டி போதவில்லை போலும். ஜாக்கிக் கம்பி உயர்ந்தது.

அதைப் பிடித்தது வெல்டரின் இடது கை.

"வேணாங்க." தொண்டை நெரிபட்டுக் குரல் கரகரத்தது. "இவன் உயிரோட இருக்கணும். எல்லார் முன்னாலயும் இவன் வாயால சொல்லணும். செத்துட்டா ஊர் கடைசி வரைக்கும் என் கையத்தான் சொல்லும்."

கம்பி கீழே விழுந்தது. அரையடி மைக்ரானின் கைகளை அவருடைய கோட்டாலேயே பின்னால் கட்டினார். "குழாய ஒளிச்சு வச்சிருக்கலாமே, ஏன் அடுக்குலயே விட்டீங்க?" என்று கேட்டார்.

"கேட்டுல எண்ணுவாங்க," என்றார் மைக்ரான், உடைந்த மூக்கால். "ஒண்ணு குறைஞ்சா மாட்டிக்குவேன்னு..."

பிறகு அரையடி சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வெல்டரின் மணிக்கட்டுக்கு அடியில் வைத்தார். "யாராவது துணி கொடுங்க. ஆஸ்பத்திரி போற வரைக்கும் கை அசையக் கூடாது."

லாரிக்காரர் தன் சட்டையைக் கழற்றிக் கிழித்தார். அவரே மண்டியிட்டு உட்கார்ந்து ஸ்கேலோடு சேர்த்துக் கட்டினார். அந்தப் பெரிய விரல்களில் முடிச்சு மூன்று முறை நழுவியது.

"அண்ணன் நிஜமாவே அப்படிச் சொன்னாரா?"

"சொன்னாருங்க. நேத்துக் காலையில. தோள்ல கை போட்டுக்கிட்டு. அன்னிக்கு அறைஞ்சதுக்கு மன்னிச்சுக்கோடா, தப்பு உன் கையில இல்ல, நான் மேல போய்ப் பேசிட்டு வந்துடறேன்னு."

லாரிக்காரர் கடைசி முடிச்சை இறுக்கினார். "இந்தக் கை மறுபடி பத்தவைக்குமா சார்?" என்று கேட்டார். அரையடி குனிந்து கட்டைச் சரிபார்த்தார். டமாரம் விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

"தப்பு என் கையிலதான்," என்றார் லாரிக்காரர்.

கீழே ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் படியேறி வந்து, கட்டிப்போட்டிருந்த ஆளை நோக்கி விலங்கை எடுத்தார். அவருக்கு முன்னால் வெற்றுடம்போடு போய் நின்று, இரண்டு கைகளையும் நீட்டினார் லாரிக்காரர்.